மைக்கேல் கிராஃபோர்ட்: பெரே தொப்பிக் கோமாளியா, முகமூடிப் பாடகரா?

நடுவரிசை எழுதியது:

பிரிட்டனில் தொலைக்காட்சி நடிகர் ஒருவர் பாடக் கிளம்பினால் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். தொடர் ஓடுகிற சூட்டில் ஓர் இசைத்தட்டு வரும், சில வாரம் விற்பனைப் பட்டியலின் உச்சியில் நிற்கும், பிறகு பழைய சாமான் கடைக்குப் போய்விடும். மைக்கேல் கிராஃபோர்ட் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. 1970களில் பிபிசியின் 'சம் மதர்ஸ் டூ ஆவ் எம்' தொடரில் ஃபிராங்க் ஸ்பென்சராக வந்து, படிக்கட்டில் உருண்டு, கூரையைப் பெயர்த்து, மனைவியை நடுங்கவைத்த அதே மனிதர்தான் 1986இல் 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா' இசைநாடகத்தில் முகமூடி அணிந்த ஃபாண்டம் வேடத்தை முதன்முதலில் ஏற்றுப் பாடினார்.

அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதை ஓர் அதிசயம் போலவே எழுதுகிறார்கள்: கோமாளி திடீரென்று பாடகரானார் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் முதலிலிருந்தே பாடகர், கோமாளித்தனம் நடுவில் வந்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சுருதிப்பெட்டி எழுதியது:

மறுப்பதற்கு முன் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறேன். 'ஃபாண்டம்' லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கில் தொடங்கியது 1986 அக்டோபர் 9. அதே அக்டோபரில் பிரிட்டிஷ் ஒற்றைப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் யார் தெரியுமா? 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நெடுந்தொடரில் நடித்துக்கொண்டிருந்த நிக் பெர்ரி. 'எவ்ரி லூசர் வின்ஸ்' மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடலைத் தொடரின் கதைக்குள்ளேயே நுழைத்து மக்கள் காதில் போட்டார்கள். பிறகு கடையில் விற்றார்கள். நல்ல வியாபாரம்.

கிராஃபோர்டின் 'தி மியூசிக் ஆஃப் தி நைட்' 1987இல் வெளியானபோது ஏழாம் இடத்தைத் தாண்டவில்லை. பட்டியலை மட்டும் பார்த்தால் பெர்ரிதான் பெரிய பாடகர்!

இந்த வழக்கம் அதற்கும் பழையது. 1971 ஜனவரியில் 'டாட்ஸ் ஆர்மி' கிழவர் கிளைவ் டன் 'கிராண்டாட்' பாடி மூன்று வாரம் முதலிடம். 1975 ஜூனில் 'இட் ஐண்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரின் விண்ட்சர் டேவிஸும் டான் எஸ்டலும் 'விஸ்பரிங் கிராஸ்' பாடி இன்னொரு மூன்று வாரம். 1995இல் 'சோல்ஜர் சோல்ஜர்' தொடரின் ராப்சன் கிரீனும் ஜெரோம் ஃபிளினும் ஒரு காட்சிக்காக 'அன்செயின்ட் மெலடி' பாட, தட்டு வேண்டும் என்று மக்கள் கேட்க, இசைத்தட்டு நிறுவனக்காரர் சைமன் கோவெல் அந்த இருவரையும் விடாமல் துரத்திப் பதிவு செய்யவைத்தார். ஏழு வாரம் முதலிடம், அந்த ஆண்டில் பிரிட்டனில் அதிகம் விற்ற ஒற்றைப் பாடல்.

பச்சைமிளகாய் எழுதியது:

அந்த 'இட் ஐண்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடர் நம் நாட்டுத் தேவ்லாலி ராணுவ முகாமில் நடப்பதாகக் கதை. இந்தியப் பணியாளர் வேடத்துக்கு முகத்தில் மை பூசிய வெள்ளைக்காரர். பிபிசி அதை இப்போது மறு ஒளிபரப்புச் செய்வதில்லை. ஆனால் டான் எஸ்டலின் குரல் நல்ல குரல், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஐந்தடிகூட இல்லாத அந்த மனிதரின் டெனார் குரலை வைத்துத் தொடரில் வேடிக்கை காட்டினார்கள். வேடிக்கைக்குள் ஒளிந்திருந்த பாடகர் என்றால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

மங்கையர்க்கரசி எழுதியது:

ஃபிராங்க் ஸ்பென்சரை நான் பார்த்ததே இல்லை. 'ஃபாண்டம்' ஒலித்தட்டு மட்டும்தான் தெரியும். ஒருவராவது அந்தத் தொடரைப் பற்றி ஒழுங்காகச் சொல்லுங்களேன். எதற்காக எல்லோரும் இவ்வளவு வியக்கிறீர்கள் என்று புரியட்டும்.

லண்டன் தூறல் எழுதியது:

சொல்கிறேன் அம்மா. 1973 தொடங்கி 1978 வரை, நடுநடுவே இடைவெளி விட்டு, மொத்தம் 22 பகுதிகள்தான். எழுதியவர் வைட் தீவைச் சேர்ந்த ரேமண்ட் ஆலன். ஃபிராங்க் என்ற அப்பாவி எந்த வேலைக்குப் போனாலும் அந்த இடம் இடிந்து விழும். பெரே தொப்பி, நைந்துபோன மழைக்கோட்டு, குழந்தையும் கிழவியும் கலந்த ஒரு குரல். பெட்டி (Betty) என்ற மனைவியாக மிஷேல் டோட்ரிஸ். பாத்திரத்துக்கு முதலில் நினைத்தது ரோனி பார்க்கரை, பிறகு நார்மன் விஸ்டமை. இருவரும் வேண்டாம் என்ற பிறகுதான் கிராஃபோர்டுக்கு வந்தது.

சாகசக் காட்சிகள் அனைத்தையும் அவரே செய்தார் என்பதுதான் பெரிய செய்தி. சக்கரக் காலணியோடு தெருவில் கட்டுப்பாடின்றி ஓடி, எதிரே நகரும் பெரிய லாரியின் அடியில் குனிந்து புகுந்து மறுபக்கம் வெளியே வருகிற காட்சி ஒன்று உண்டு. மலைவிளிம்பில் தொங்கும் காரின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆடுவது இன்னொன்று. பதற்றத்திலும் அந்த நடுங்கும் குரலை விடாமல் பெட்டியோடு பேசிக்கொண்டே தொங்குவார். இப்படியொரு மனிதரை 'அழகும் பயங்கரமும் நிறைந்த முகமூடிக் காதலன்' என்று அறிவித்தால் மக்கள் என்ன நினைப்பார்கள்? சிரித்தார்கள், அவ்வளவுதான். மிமிக்ரி கலைஞர்கள் எல்லோரும் 'ஊ, பெட்டி' என்று சொல்லிப் பிழைத்த காலம் அது.

தொடரின் தலைப்பிசையை இருமுறை கேளுங்கள். ரோனி ஹேசல்ஹர்ஸ்ட், பிக்கலோ குழல்களை வைத்து, தொடரின் பெயரையே மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ஊதவைத்திருப்பார்.

நடுவரிசை எழுதியது:

இப்போது என் கட்சிக்கான ஆதாரத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

கிராஃபோர்ட் பிறந்தது 1942 ஜனவரி 19, வில்ட்ஷயரின் சாலிஸ்பரியில். தாயின் முதல் கணவர் விமானப்படை வீரர், 1940இல் பிரிட்டன் வான்போரில் இறந்துவிட்டார். பையன் பிறந்தது அதற்குப் பல மாதங்களுக்குப் பிறகு, நிலைக்காத இன்னோர் உறவில். ஆனாலும் இறந்தவரின் பெயரான ஸ்மித்தே பிள்ளைக்கும் வந்தது. தாய், தாத்தா, பாட்டி என்று வளர்ந்தது கெண்ட் கடற்கரையின் ஷெப்பி தீவில். பிறகு தாய் மறுமணம் செய்துகொள்ள, லண்டன்.

பள்ளியில் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'லெட்ஸ் மேக் அன் ஆப்பரா'வை அரங்கேற்றினார்கள். புகைபோக்கி துடைக்க விற்கப்படும் சிறுவன் சாமியாக இவர் பாடினார். அதை நடத்திய டொனால்ட் மிட்செல், பிற்காலத்தில் அந்த இசையமைப்பாளரைப் பற்றிய பெரும் ஆய்வாளர், பையனை நேரே பெஞ்சமின் பிரிட்டனிடமே குரல் தேர்வுக்கு அனுப்பினார். 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' சிறுவன் வேடம் கிடைக்கவில்லை. அது டேவிட் ஹெமிங்ஸுக்குப் போனது. ஆனால் 1955இல் லண்டன் ஸ்காலா அரங்கில் 'லெட்ஸ் மேக் அன் ஆப்பரா' மறுபடி நடந்தபோது ஒரு சிறுவன் வேடத்தை ஹெமிங்ஸும் இவரும் மாறி மாறி ஏற்றார்கள்.

அதைவிட முக்கியமானது 1958. ஆல்ட்பரோ விழாவில், ஆர்ஃபர்ட் தேவாலயத்தில், பிரிட்டனின் 'நோயிஸ் ஃபிளட்' முதல் அரங்கேற்றம். நோவாவின் மகன் யாப்பேத்தாகப் பாடியவர் நம் ஆள். அந்த ஆப்பரா எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் அருமை விளங்கும். பெரும்பாலும் பிள்ளைகளும் உள்ளூர்க்காரர்களும் நடத்துகிற ஆப்பரா அது. வாசிப்பவர்களிலும் பாதிப்பேர் மாணவர்கள். மழைத்துளி விழும் ஓசைக்குப் பிரிட்டன் தேநீர்க் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் தட்டவைத்தார். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சுருதி. முதல் துளிகள், பிறகு புயல், பிறகு கூடியிருக்கும் மக்களே எழுந்து பாடும் பழைய துதிப்பாடல். இதற்கு நடுவே நின்று பதினாறு வயதில் பாடிய ஒருவரை, 'நாற்பத்து நாலு வயதில் திடீரெனப் பாடவந்த நகைச்சுவை நடிகர்' என்று சொல்வது எப்படி நியாயம்?

பச்சைமிளகாய் எழுதியது:

கிராஃபோர்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. இங்கிராம் என்று மாற்றாந்தந்தையின் பெயரில் நடிக்கப் போனால், நடிகர் சங்கத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர். பஸ்ஸில் போகும்போது கிராஃபோர்ட் பிஸ்கட் விளம்பரம் தாங்கிய லாரி ஒன்று கண்ணில் பட்டதாம். அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். அவரே பலமுறை சொன்ன கதை.

கர்நாடகக்காது எழுதியது:

நடுவரிசை ஐயா, சிறுவயதில் பாடினார் என்பது ஒரு வாதமா? தேவாலயத்தில் பாடாத ஆங்கிலேயச் சிறுவன் உண்டா? குரல் உடைந்த பிறகு என்ன செய்தார் என்பதல்லவா கேள்வி. 1958க்கும் 1986க்கும் இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியை நிரப்புங்கள், பிறகு பேசலாம்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நிரப்பலாம், ஆனால் நேர்கோடாக வராது.

முதலில் தொலைக்காட்சி. 1961இல் 'சர் ஃபிரான்சிஸ் டிரேக்' தொடரில் ஒரு வேடம். பிறகு நையாண்டி நிகழ்ச்சி ஒன்றில் அக்கால உடைமோகம் பிடித்த 'மாட்' (Mod) இளைஞனாக வந்தார். அங்கே இவரைப் பார்த்த ரிச்சர்ட் லெஸ்டர் 'தி நாக்' படத்துக்கு அழைத்தார். அது 1965இல் கான் விழாவின் பெரிய பரிசை வென்றது. 1967இல் 'ஹவ் ஐ வோன் தி வார்'. உடன் நடித்தவர் ஜான் லெனன். பாட்டுக்காரர் லெனன் நடிக்கிறார், பாட்டுக்காரரான இவரும் நடிக்கிறார், படத்தில் யாரும் பாடவில்லை!

அதே ஆண்டு பிராட்வேயில் பீட்டர் ஷாஃபரின் 'பிளாக் காமெடி'. விளக்கு எரியும்போது கதையில் இருட்டு, விளக்கு அணைந்தால் வெளிச்சம் என்று தலைகீழாக ஓடும் நாடகம். வெளிச்சமான மேடையில் இருட்டில் தடவுவதுபோல் நடிக்கவேண்டும். மேசையில் முட்டி, படியில் தவறி, ஒரு கணம் பிந்தினாலும் சிரிப்பு போய்விடும். அதைப் பார்த்த ஜீன் கெல்லி, தான் இயக்கிய 'ஹலோ, டாலி!' படத்தில் கார்னீலியஸ் ஹேக்கல் வேடத்தைக் கொடுத்தார். 1969இல் வந்தது. பார்பரா ஸ்ட்ரைசாண்டோடு ஆடியும் பாடியும் நடித்தார். படத்துக்கு ஆன செலவு சுமார் இரண்டரைக் கோடி டாலர். போட்ட பணம் அப்போது திரும்பவில்லை.

அதன் பிறகு சரிவு. முகவர் ஒருவரின் கைவரிசையில் சம்பாதித்தது கரைந்தது. ஹாலிவுட் நாயகன் வீட்டில் மெத்தைத் திண்டுகளுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார், மின்சார நிறுவனத்தில் எழுத்தராகவும் வேலை பார்த்தார். 1971இல் 'நோ செக்ஸ் ப்ளீஸ், வி ஆர் பிரிட்டிஷ்' என்ற கேலி நாடகம் கைகொடுத்தது. அவர் விட்டுப்போன வேடத்தைப் பிறகு ஏற்றவர் டேவிட் ஜேசன். அந்த நாடகத்தின் உருளல் புரளல்தான் ஃபிராங்க் ஸ்பென்சருக்கு வழிவிட்டது.

லண்டன் தூறல் எழுதியது:

நடுவே ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஃபிராங்க் ஸ்பென்சராகப் புகழின் உச்சியில் இருந்த 1974இல்தான் டுரூரி லேன் அரங்கில் 'பில்லி' என்ற இசைநாடகத்தில் நாயகனாகப் பாடத் தொடங்கினார். இசை ஜான் பேரி, பாடல்கள் டான் பிளாக். 904 காட்சிகள்! குழுவில் அப்போது அதிகம் அறியப்படாத எலைன் பெய்ஜும் இருந்தார். 1979இல் 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜர்னான்' இசைநாடகம். அது ஓடவில்லை. ஆகவே கர்நாடகக்காது ஐயா கேட்ட இருபத்தெட்டு ஆண்டில், மேடையில் வாரம் எட்டுக் காட்சி பாடிய ஆண்டுகள் கணிசமானவை. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவே.

மேடைப்பித்தன் எழுதியது:

இத்தனை நேரமாக 'பார்னம்' பெயரையே ஒருவரும் எடுக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. எனக்கு 'ஃபாண்டம்' இரண்டாம் பட்சம். இந்த மனிதரின் சாதனை 'பார்னம்'தான்.

சை கோல்மன் இசையமைத்த நாடகம். சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னமின் வாழ்க்கை. 1981 ஜூனில் லண்டன் பல்லேடியத்தில் தொடங்கியது. அதற்கு முன் இவர் நியூயார்க் போய் பிக் ஆப்பிள் சர்க்கஸ் பள்ளியில் சேர்ந்து கம்பிமேல் நடக்கவும், பந்துகளை வீசிப் பிடிக்கவும், உயரத்திலிருந்து கயிற்றில் சறுக்கி இறங்கவும் கற்றுக்கொண்டார். வயது முப்பத்தொன்பது. பாதி ஊர் உலகம் மூட்டுவலி மாத்திரை தேடுகிற வயதில் இவர் கம்பியில் ஏறினார்.

வித்தை தெரிந்த நடிகர்கள் உண்டு. ஆனால் வித்தையைக் காட்டிக்கொண்டே பாடவேண்டும். கம்பியில் அடி வைக்கும்போது மூச்சை அடக்கத்தான் உடம்பு கேட்கும். பாட்டோ மூச்சை விடச் சொல்லும். இரண்டும் எதிரெதிர். கம்பியின் மறுமுனையில் நாயகி நிற்கிறாள், அவளை அடையும் வரை பாத்திரமும் தடுமாறவேண்டும், நடிகன் தடுமாறக்கூடாது. பிபிசி 1986இல் அரங்கிலிருந்தே பதிவு செய்து ஒளிபரப்பியதில் இதை நன்றாகப் பார்க்கலாம். கால் ஒருமுறை ஆடுகிறது, கை விரிகிறது, மேடையின் கீழே வாத்தியக்குழு அவருக்காகக் காத்திருக்கிறது.

655 காட்சிகள். இன்று ஒலிவியே என்று அழைக்கப்படும் லண்டன் நாடக விருது கிடைத்தது. ஃபிராங்க் ஸ்பென்சரின் உடம்பும் பெஞ்சமின் பிரிட்டன் கேட்ட குரலும் ஒரே இடத்தில் கூடியது இங்கேதான். அதனால் நடுவரிசை சொல்வதுபோல் 'கோமாளித்தனம் நடுவில் வந்தது' என்று தள்ளிவைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அந்த உருளல்கள் இல்லாவிட்டால் பார்னம் இல்லை.

நடுவரிசை எழுதியது:

பித்தரே, அதைத் தள்ளிவைக்கவில்லை, வரிசையைத்தான் சொன்னேன். சரி, 'ஃபாண்டம்' எப்படிக் கிடைத்தது என்பதும் உங்கள் பக்கமா என் பக்கமா என்று பாருங்கள். குரல் ஆசிரியர் இயன் ஆடமிடம் கிராஃபோர்டும் பாடம், 'ஃபாண்டம்' நாயகி சாரா பிரைட்மனும் பாடம். பிரைட்மனை அழைத்துப்போக வந்த அவர் கணவரும் 'ஃபாண்டம்' இசையமைப்பாளருமான ஆண்ட்ரூ லாயிட் வெபர், உள்ளே கிராஃபோர்ட் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டார். பாடியது ஹாண்டலின் ஆப்பராப் பாட்டு 'கேர் செல்வே'. கேட்டது குரலை மட்டும். தொப்பியும் மழைக்கோட்டும் அப்போது கண்ணில் படவில்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

அந்தக் கதையில் ஒருவருக்கு அநியாயம் நடந்ததே, அதையும் பதிவு செய்யவேண்டும். தலைப்புப் பாடல் முதலில் இசைத்தட்டாக வந்தபோது பிரைட்மனோடு பாடியவர் காக்னி ரெபெல் குழுவின் ஸ்டீவ் ஹார்லி. காணொளியும் எடுத்தார்கள். அதுவும் ஏழாம் இடம் பிடித்தது. வேடம் அவருக்கே என்றாகி, ஒத்திகைக்கும் தயாராகிக்கொண்டிருந்தவரை விலக்கிவிட்டுத்தான் கிராஃபோர்டை அமர்த்தினார்கள். ஹார்லி 2024இல் காலமானார். அந்தத் தட்டைக் கேட்டால் வேறொரு ஃபாண்டம் தெரியும். கரடுமுரடு, மிரட்டல், தெருவோர ராக் குரல். முடிவு சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஆனாலும் வலித்திருக்கும்.

கர்நாடகக்காது எழுதியது:

இப்போது குரலுக்கு வருவோம். ஒலித்தட்டை நிதானமாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். குரல் மெலிது. கீழ்ஸ்தாயியில் கனம் இல்லை. மேலே போகும்போது மூக்கின் வழியாகத் தப்பிக்கிறது. ஆங்கிலச் சொற்களின் உயிரெழுத்துகளை வளைத்து ஒரு விசித்திர உச்சரிப்பு வேறு. ஆப்பரா பயின்றவர் பக்கத்தில் நின்றால் காணாமல் போவார். எல்லாம் கழுத்தோரம் ஒட்டிய ஒலிவாங்கியின் தயவு. போதாததற்குப் படகில் போகும் அந்தத் தலைப்புப் பாடலில் முன்பே பதிவு செய்த குரலைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேடையில் ஓடுவது மாற்று உருவங்கள். இது ஊரறிந்த ரகசியம்.

நல்ல நடிகர் என்றால் கைதட்டுகிறேன். பெரிய பாடகர் என்றால் மாட்டேன்.

மங்கையர்க்கரசி எழுதியது:

தம்பி, அந்த மெலிவுதான் எனக்குப் பிடித்தது. அந்த வேடம் யார்? மனிதர் முகத்தில் விழிக்க முடியாமல் அரங்கின் பாதாளத்தில் ஒளிந்திருக்கிற ஒருவன். யாரும் தொட்டிராத ஒருவன். அவன் மார்பை நிமிர்த்தி முழங்கினால் அவன் விரும்பும் பாடகி கிறிஸ்டீன் பயந்து ஓடுவாள். 'தி மியூசிக் ஆஃப் தி நைட்' ஒரு தாலாட்டுப் போலத் தொடங்குகிறது. ஒரு பெண்ணை மயக்குவதற்குக் குரலைத் தவிர அவனிடம் வேறு எதுவும் இல்லை. கடைசிச் சொல்லைக் கிராஃபோர்ட் எப்படி நிறுத்துகிறார் என்று கேட்டுப்பாருங்கள். கத்தி முடிக்கவில்லை. நீளமாக, நூல்போலப் பிடித்து, வாத்தியங்கள் அடியில் மாறிக்கொண்டே இருக்க, அப்படியே கரையவிடுகிறார். பின்னால் வந்த பலர் இதே பாட்டை வீரப்பாட்டாக்கிவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை.

மேடைப்பித்தன் எழுதியது:

அம்மா சொன்னதோடு கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரியா பியோர்ன்சன் வடிவமைத்தது முகத்தின் ஒரு பாதியை மட்டும் மூடும் முகமூடி. முழுதும் மூடினால் பாட முடியாது என்பதும் ஒரு காரணம். அதன் அடியில் சிதைந்த முகத்துக்கான ஒப்பனை, போட்டு முடிக்கச் சுமார் இரண்டு மணி நேரம். ஆக முகம் நடிக்க வழியில்லை. நாடகம் முழுவதையும் கணக்கிட்டாலும் ஃபாண்டம் மேடையில் தெரிகிற நேரமும் கொஞ்சம்தான். கிராஃபோர்ட் விரல்களால் நடித்தார். கை நீள்கிறது, தொடும் தூரத்துக்கு வந்து நடுங்கித் திரும்புகிறது. இது பிளாக் காமெடி இருட்டில் தடவிய கை. ஸ்பென்சர் பூச்சாடியைத் தட்டிவிடும் முன் காற்றில் தயங்குகிற அதே கை. சிரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பரிதாபம்.

கர்நாடகக்காது கேட்பதற்குப் பதில்: ஒலிவாங்கி எல்லோருக்கும்தான் இருந்தது. ஒலிவாங்கியோடு முணுமுணுக்கத் தெரிவதும் ஒரு கலை.

கர்நாடகக்காது எழுதியது:

முணுமுணுப்புக் கலைக்கு விருது உண்டென்றால் தாராளமாகக் கொடுங்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

கொடுத்துவிட்டார்களே! 1986க்கான ஒலிவியே, 1988இல் பிராட்வேயின் டோனி. லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என மூன்று ஊரிலும் சேர்த்து 1,300க்கு மேற்பட்ட காட்சிகள் பாடினார். லண்டன் மூலக்குழுவின் ஒலித்தட்டு 1987இல் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் நுழையும்போதே முதலிடத்தில் நுழைந்தது. ஒற்றைப் பாடலில் தோற்றவர் ஆல்பத்தில் பழிதீர்த்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். 1993இல் ஸ்ட்ரைசாண்ட் தன் 'பேக் டு பிராட்வே' ஆல்பத்தில் 'தி மியூசிக் ஆஃப் தி நைட்'டை இருவர் பாட்டாக்கி இவரை அழைத்தார். 'ஹலோ, டாலி!' வந்து இருபத்துநாலு ஆண்டுக்குப் பிறகு.

பச்சைமிளகாய் எழுதியது:

திரைப்படத்தில் ஏன் அவர் இல்லை என்று கேட்கிற ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். படம் 1990 வாக்கிலேயே கிராஃபோர்ட், பிரைட்மன் இருவரோடும் எடுக்கப்படுவதாக இருந்தது. லாயிட் வெபருக்கும் பிரைட்மனுக்கும் மணமுறிவு ஏற்பட்டதும் தள்ளிப்போனது. கடைசியில் 2004இல் ஜெரார்ட் பட்லர் பாடினார். 'பாடினார்' என்பது மரியாதைக்காக.

லண்டன் தூறல் எழுதியது:

பிற்காலத்தைப் பற்றி யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன். அது அவ்வளவு இனிமையான காலம் அல்ல.

1995இல் லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்டில் 'இ.எஃப்.எக்ஸ்' என்ற பிரம்மாண்டக் காட்சி. பறப்பதும் குதிப்பதுமாக ஓடியதில் இடுப்பில் காயம். விலகினார், இடத்துக்கு டேவிட் காசிடி வந்தார். 2002இல் பிராட்வேக்கு 'டான்ஸ் ஆஃப் தி வாம்பயர்ஸ்' மூலம் திரும்பினார். 56 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். பிராட்வேயின் பெருந்தோல்விகளைப் பட்டியலிடுகிறவர்கள் தவறாமல் இதைச் சேர்ப்பார்கள். நியாயமாகவே சேர்க்கிறார்கள். ஃபாண்டத்தின் நிழலை விட்டு ஓட நினைத்து மறுபடி கருப்புக் கோட்டையே மாட்டிக்கொண்டார்.

2004இல் லாயிட் வெபரின் 'தி உமன் இன் வைட்'. பருத்த கவுண்ட் ஃபாஸ்கோ வேடம். பஞ்சு அடைத்த கனமான உடைக்குள் வியர்த்து வியர்த்து உடம்பு நீர் வற்றியது. சில மாதங்களில் நடிக்க முடியாமல் போனது. நாள்பட்ட சோர்வு நோய் என்றார்கள். மேடையை விட்டு விலகி, நியூசிலாந்தில் தங்கி மெல்லத் தேறினார். லாரிக்கு அடியில் புகுந்து வந்தவரை வீழ்த்தியது ஒரு பஞ்சுச் சட்டை.

2011இல் பல்லேடியத்துக்கே திரும்பினார், 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' மாயக்காரனாக. அந்த ஆண்டு அக்டோபரில் ஃபாண்டம் இருபத்தைந்தாம் ஆண்டு விழா ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தபோது மேடைக்கு வந்தார், பாடவில்லை. பிறகு வந்த நான்கு ஃபாண்டம்கள் பாட, இவர் பார்த்துக்கொண்டிருந்தார். 2016இல் 'தி கோ-பிட்வீன்'. முதியவர் ஒருவர் தன் சிறுவயதை நினைத்துப் பார்க்கும் சிறிய இசைநாடகம், பெரிய அரங்குகளின் ஆரவாரம் எதுவும் இல்லை. அதே ஆண்டு ஒரு நன்கொடை நிகழ்ச்சிக்காக ஃபிராங்க் ஸ்பென்சராக மறுபடி வந்தார். 2014இல் சிபிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்தது நடிப்புக்கோ பாட்டுக்கோ அல்ல, நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்களுக்கான அறக்கட்டளைப் பணிக்கு. 2025இல் அமெரிக்காவின் கென்னடி மையம் கௌரவித்தவர்களில் இவரும் ஒருவர்.

கர்நாடகக்காது எழுதியது:

பாடும் தொலைக்காட்சி நடிகர் என்றால் எனக்கு ஹியூ லாரி போதும். அவர் நடித்த 'ஹவுஸ்' மருத்துவத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2011இல், 'லெட் தெம் டாக்' என்று நியூ ஆர்லியன்ஸ் புளூஸ் ஆல்பம் போட்டார். தானே பியானோ வாசித்தார். கொம்பு வாத்தியங்களுக்கு ஆலன் டூசான் கைவண்ணம். குரல் பெரிதில்லை என்பது அவருக்கே தெரியும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஹியூ லாரி ரசிகனாக இருந்து பாடுகிறார், கிராஃபோர்ட் வேடத்துக்குள் இருந்து பாடுகிறார். புளூஸ் பாட்டை லாரி லாரியாகவே பாடுவார். கிராஃபோர்ட் தன்பெயரில் போட்ட தனி ஆல்பங்களைக் கேட்டால் உங்கள் குறைகள் எல்லாம் எனக்கும் கேட்கின்றன. 1987 ஆல்பத்தில் லண்டன் சிம்பனி வாத்தியக்குழு பின்னால் இருக்கிறது, முன்னால் யாரோ நன்றாக உடுத்திய ஒருவர் கவனமாகப் பாடுகிறார். யார் பாடுகிறார், எதற்காகப் பாடுகிறார் என்பது தெரியாவிட்டால் அந்தக் குரலுக்குப் பாதி உயிர்தான்.

நடுவரிசை எழுதியது:

இதை ஒப்புக்கொள்ளலாம். தனி ஆல்பங்களை நானும் முழுதாகக் கேட்பதில்லை.

மங்கையர்க்கரசி எழுதியது:

என் பேத்தியோடு பிக்சாரின் 'வால்-ஈ' பார்க்கும்போது ஆரம்பத்தில், விண்வெளியைக் காட்டும்போது, ஒரு பழைய உற்சாகப் பாட்டு வருகிறதே, அது 'ஹலோ, டாலி!' பாட்டு என்று படித்தேன். பாடுவது இவரா?

லண்டன் தூறல் எழுதியது:

இவரேதான் அம்மா. 'புட் ஆன் யுவர் சண்டே க்ளோத்ஸ்'. 2008இல் வந்த படத்தில் முதலில் கேட்கும் குரலே கிராஃபோர்டுடையது. அந்த இயந்திரம் பழைய ஒளிநாடாவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சியில் திரையில் ஆடுவதும் அவர்தான். பணம் திரும்பாத 1969 படம், பேரப்பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

பச்சைமிளகாய் எழுதியது:

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று ஒருவராவது சொல்லுங்கள். சண்டை போதும்.

மேடைப்பித்தன் எழுதியது:

'பார்னம்' 1986 பதிவு. கேட்பதற்கல்ல, பார்ப்பதற்கு. அதற்குப் பிறகு 'ஃபாண்டம்' லண்டன் மூலக்குழு ஒலித்தட்டு, இரண்டாம் பாதியின் கல்லறைக் காட்சியிலிருந்து இறுதிவரை நிறுத்தாமல். 'மியூசிக் ஆஃப் தி நைட்' எல்லோருக்கும் தெரியும். ஆனால் முகமூடி பறிபோன பிறகு, கடைசிக் காட்சியில், அதே குரல் கிழிந்து கெஞ்சுகிற இடத்தைக் கேளுங்கள்.

கர்நாடகக்காது எழுதியது:

அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் கேட்கிறேன். மீதியைப் பற்றிச் சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை.